பேக்கலைட் கண்ட பேரறிஞர்

மின்சார விளக்கை ஏற்றுங்கால் நம் விரல் தீண்டும் கருநிற விசையினையும், கொதிக்கும் பாத்திரத்தை இறக்குங்கால் கையைச் சுடாத பிடியினையும், பழைய இல்லங்களிற் காணப்பெறும் பழுப்பு நிற ரேடியோப் பெட்டியினையும் அறியாதார் இலர். இவை மரத்தால் ஆயவை அல்ல. கல்லால் ஆயவை அல்ல. உலோகத்தாலும் ஆயவை அல்ல. நிலக்கரித் தாரினின்று வந்த பிசினும், மரத்தை இழைத்து அரைத்த தூளும் ஒன்றாய்க் கலந்து, சூட்டினாலும் அழுத்தத்தினாலும் இறுகிய ஒரு கூட்டுப் பொருளால் ஆயவை. அப்பொருளுக்குப் பேக்கலைட் என்று பெயர். அப்பெயர் அதனைக் கண்ட அறிஞருடைய பெயரினின்றும் தோன்றியது. அவ்வறிஞரின் வரலாற்றையும், அவர் கண்ட பொருளின் இயல்பையும் இங்கு ஒருவாறு சுருக்கிக் கூறுவாம்.

லியோ ஹென்ரிக் பேக்கலண்ட் என்பார் பெல்ஜிய நாட்டின்கண் உள்ள கென்ட் மாநகரில் 1863 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14 ஆம் தேதி பிறந்தார். அவர் தந்தையார் செருப்புத் தைக்கும் தொழிலினர். தாயார் பிறர் இல்லங்களிற் பணி செய்து வந்தவர். குலத்தொழிலையே மைந்தனும் மேற்கொள்ளல் வேண்டும் என்பது தந்தையாரின் கருத்து. தாயாரோ, தம் மகன் கல்வியினால் மேன்மையுற வேண்டும் என்னும் உறுதி பூண்டவர். அவ்வுறுதியே வென்றது. பள்ளியில் முதன்மை பெற்ற சிறுவன், நகரத்தார் அளித்த உபகாரச் சம்பளத்தைக் கொண்டு 17 ஆம் வயதிற் கென்ட் சர்வகலாசாலையிற் புகுந்தான். 1884 ஆம் ஆண்டில், 21 வயது நிறையுமுன்னரே, இரசாயனத்தில் மிக உயர்ந்த சிறப்புடன் டாக்டர் பட்டம் எய்தினான்.

இளமையிலேயே அவருக்குப் புகைப்படக் கலையில் அளவிறந்த ஆசை. அதற்கு வேண்டிய வெள்ளி உப்பை வாங்கப் பொருளில்லாமையால், தந்தையார் அளித்த கைக்கடியாரத்தின் வெள்ளிச் சங்கிலியையே திராவகத்திற் கரைத்து, அதிற் கலந்திருந்த செம்பைப் பிரித்து நீக்கி, வெள்ளி உப்பினைத் தாமே செய்துகொண்டார் என்பர். கையிலுள்ள எளிய பொருளினின்றே காரியத்தை முடிக்கும் இத்திறம் அவருடைய வாழ்நாள் முழுவதும் நிலைத்திருந்தது.

புரூஜஸ் நகரிற் சிலகாலம் ஆசிரியராயிருந்த அவர், 1889 ஆம் ஆண்டில் தம் பேராசிரியர் ஸ்வார்ட்ஸ் என்பாருடைய புதல்வி செலீன் அம்மையாரை மணந்தார். அவ்வாண்டிலேயே பிரயாண உபகாரச் சம்பளம் ஒன்றைப் பெற்று இருவரும் அமெரிக்கா சென்றனர். சில திங்களில் மீள்வதாகச் சென்றவர் அந்நாட்டையே தம் நாடாகக் கொண்டார். முதலில் நியூயார்க்கில் ஒரு புகைப்படப் பொருட் கம்பெனியில் அமர்ந்தார்; பின்னர் அதனை விடுத்துத் தாமே தனித்துத் தொழில் தொடங்கினார். ஒரே காலத்திற் பல ஆராய்ச்சிகளிற் கை வைத்ததனால் ஒன்றும் முற்றுப்பெறவில்லை. கடனும் நோயும் ஒருங்கே வந்து வருத்தின. படுக்கையிற் கிடந்த அந்நாட்களில், பலவற்றை விட்டு ஒன்றனையே பற்றுதல் வேண்டும் என்று துணிந்தார்.

அங்ஙனம் பற்றிய ஒன்று வீலாக்ஸ் என்னும் புகைப்படத் தாள். அதுகாறும் படம் எடுப்பார் சூரிய ஒளியை எதிர்பார்த்தே தாளிற் பிரதி எடுத்து வந்தனர். வீலாக்ஸ் தாளிலோ விளக்கொளியைக் கொண்டே, இரவும் பகலும் வேறுபாடின்றிப் பிரதி எடுக்கலாம். 1893 ஆம் ஆண்டளவில் வெளிவந்த அத்தாள் முதலில் விலைபோகவில்லை. சில ஆண்டுகளிற் பெரும்புகழ் எய்தியது. 1899 ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பார் அதன் உரிமை முழுவதையும் பெருந்தொகை கொடுத்துப் பெற்றுக்கொண்டார். செருப்புத் தைப்போரின் மைந்தர் 36 வயதிற் செல்வரானார். ஹட்ஸன் நதியை நோக்கிய யாங்கர்ஸ் என்னும் ஊரில் இல்லம் ஒன்றை வாங்கி, அதன் புறத்தே ஓர் ஆராய்ச்சிசாலையும் அமைத்துக்கொண்டார். உண்டு உறங்கி வாழப் போதிய பொருள் இருந்தும், அவர் ஜெர்மனி சென்று, மாணவரோடு மாணவராய் அமர்ந்து, மின்சார இரசாயனம் பயின்று திரும்பினார். நயாகராவில் உப்புநீரை மின்சாரத்தாற் பிரிக்கும் பெருந்தொழிற்சாலை ஒன்று அமைவதற்கும் துணை செய்தார்.

அக்காலம் மின்சாரத் தொழில் நாளும் விரிந்துகொண்டிருந்த காலம். கம்பிகளையும் சுருள்களையும் காப்பதற்கு மின்சாரம் கடவாத பொருள் மிகுதியும் வேண்டப்பட்டது. அதற்கு உதவியது நம் இந்திய நாட்டின் அவலரக்கே. காட்டு மரங்களின் கிளைகளிலே சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கினைச் சுரண்டி, உருக்கி, தகடாக்கி எடுப்பது அது. பூச்சிகளின் உழைப்பு மனிதர் தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை, விலையும் ஏறியது. அவலரக்கைப் போன்ற ஒன்றைச் செயற்கையாற் செய்வார்க்குப் பெரும்பயன் உண்டு என்பதைப் பேக்கலண்ட் உணர்ந்தார்.

பீனால், பார்மால்டிஹைட் என்னும் இரண்டு பொருள்கள் கூடின் பிசின் போன்றதொன்று உண்டாதலை ஜெர்மானியப் பேராசிரியர் அடால்ப் வான் பேயர் 1872 ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தார். சாயப் பொருள்களை ஆராய்ந்த அவருக்குக் குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டு கழுவவும் போகாத அப்பண்டத்தாற் பயனொன்றும் தோன்றவில்லை. அவருக்குப் பின் வந்தோரும் அதனை ஆள இயலாது விடுத்தனர். கரையாமையும் உருகாமையும் அவர்க்கெல்லாம் குற்றங்களாய்த் தோன்றின. கரையாத பொருளே மழைக்கும் திராவகத்துக்கும் அஞ்சாது. உருகாத பொருளே சூட்டுக்கு அஞ்சாது. பிறர் குற்றமெனக் கண்டதனைக் குணமெனக் கண்டதே பேக்கலண்டின் பெருமை.

ஆயினும் அக்காட்சி அவருக்கு உடனே கிட்டவில்லை. முதலில் அவலரக்குக்கு ஈடாகக் கரையத்தக்க பிசின் ஒன்றை உதவியாளர் நதானியேல் தர்லோவுடன் செய்தார். நோவலாக் என்னும் பெயருடைய அது வியாபாரத்தில் வெற்றி பெறவில்லை. பின்னர், 1907 ஆம் ஆண்டின் கோடையில், மென்மையான மரத்துண்டுகளை அவ்விரு பொருள்களின் கலவையில் ஊறவைத்துச் சூடேற்றினால், உள்ளே பிசின் இறுகி மரம் வன்மை பெறுமா என்று ஆராய்ந்தார். சூடேறிய மரத்தினின்றும் பிசின் கசிந்து வெளிவந்தது. வெளிவந்ததே மிக்க வன்மையுடையதாய் இருந்தலைக் கண்ட அவர், மரத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பிசினையே ஆராயத் தொடங்கினார். அவர் தள்ளிவைத்த அம்மரமே பின்னர் வேறு வடிவில் திரும்பி வந்து, அவருடைய கண்டுபிடிப்பைக் காப்பாற்றிய விதத்தை மேலே காண்போம்.

பிசினை இறுகச் செய்வதில் ஒரு பெருந்தடை இருந்தது. அவ்விரண்டு பொருள்களும் கூடுங்கால் நீரும் உண்டாகின்றது. சூடு மிகின் அந்நீர் ஆவியாகிப் பிசினைப் பொங்கச் செய்து, நுரைத்த கடற்பஞ்சு போன்ற பயனற்ற பண்டமாக்கிவிடும். ஆதலின் முன்னையோர் சூட்டைக் குறைத்தனர். குறைத்த சூட்டில் பிசின் இறுகப் பல நாட்கள் ஆயின. பேக்கலண்டோ சூட்டைக் குறையாது மிகுத்தார். அதனோடு அழுத்தத்தையும் சேர்த்தார். வலிய இரும்புக் கலத்துள், வெளியினின்று அழுத்தம் தாக்க, ஆவி குமிழிடவியலாது அடங்கியது. பிசின் சிறிது நேரத்தில் ஒரேபடியாய்க் கட்டிப்பட்டது. அவர் பயன்படுத்திய பழைய நீராவிக் கலம் இன்றும் வாஷிங்டன் நகரத்து ஸ்மித்ஸோனியன் பொருட்காட்சிசாலையிற் காக்கப்பெற்று வருகின்றது.

பிசின் மூன்று நிலைகளைக் கடந்தே இறுகுகின்றது என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார். முதல் நிலையில் அது கரையும், உருகும். இரண்டாம் நிலையிற் சூட்டினால் இளகுமேயன்றி உருகாது. மூன்றாம் நிலையிலோ கரைதலுமில்லை, உருகுதலுமில்லை. இரண்டாம் நிலையில் நிறுத்திக்கொள்ளும் வழி தெரிந்தமையின், ஓரிடத்திற் செய்த பிசினை வேறிடத்திற்கு அனுப்பி அச்சில் வார்த்தல் இயல்வதாயிற்று. 1907 ஆம் ஆண்டு ஜூலை 13 ஆம் தேதி அவர் தமது முறைக்கு உரிமை வேண்டி விண்ணப்பித்தார். 1909 ஆம் ஆண்டு பெப்ருவரியில் அமெரிக்க இரசாயன சங்கத்தின் நியூயார்க் பிரிவினர் முன்னிலையில் அதனை உலகறிய வெளியிட்டார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்வின்பர்ன் என்னும் அறிஞரும் இதே பொருளைத் தனியே ஆராய்ந்து உரிமை கோரச் சென்று, பேக்கலண்ட் ஒரு நாள் முந்திக்கொண்டார் என்றறிந்து திரும்பினாராம்.

இனி, பிசினுக்கும் மரத்தூளுக்கும் உள்ள உறவைக் கூறுவாம். முற்றும் இறுகிய தனிப் பிசின் கடினமானது. ஆயினும் கண்ணாடி போல நொறுங்கும் இயல்பினது. அதன் அணுத்திரள்கள் எப்பக்கத்தும் வலைபோற் பிணைந்து அசைய இடமின்றி நிற்றலின், ஓரிடத்தில் விரிசல் தோன்றினால் அது தடையின்றி ஓடிப் பொருளைப் பிளந்துவிடும். இறுகுங்காற் சுருங்குதலும் மிகுதி. அதனால் உள்ளேயே இழுவிசை தங்கி, அடிபடுமுன்னரே வெடித்தலும் உண்டு. தூய்மை மிக்க பொருள் வன்மை மிக்கதாக இல்லை.

இக்குறையை மரத்தூள் நீக்கியது. ஏறக்குறையப் பிசினின் எடைக்கு ஒத்த எடையுள்ள மரத்தூளைக் கலந்தபொழுது, சுருக்கம் குறைந்தது. இறுகுங்கால் எழும் சூடும் தணிந்தது. விலையும் பாதியளவுக்குத் தாழ்ந்தது. மரத்தூள் வெறும் மண்போன்ற பொடியன்று. ஒவ்வொரு துகளும் குறு நார்களின் கட்டு. அந்நார்களிற் பிசின் ஊறிப் பற்றிக்கொள்ளுதலின், மேலே விழும் சுமையை நார்களும் பகிர்ந்து தாங்குகின்றன. ஓடிவரும் விரிசல் நாரின்மேல் மோதித் தன் வழியை மாற்றிக்கொள்ளும். அல்லது அங்கேயே நின்றுவிடும். குயவர் களிமண்ணில் மணலையும், சுவர் எழுப்புவார் சேற்றில் வைக்கோலையும் சேர்ப்பதன் கருத்தும் இதுவே. பிசினால் மரத்தை வலுப்படுத்தப் புகுந்த அறிஞர், முடிவில் மரத்தாற் பிசினை வலுப்படுத்தினார்.

வலுவூட்டும் பொருள் மாறுந்தோறும் கூட்டுப் பொருளின் குணமும் மாறும். மரத்தூள் இட்டது சாதாரண வேலைக்குப் போதும். ஆனால் ஓங்கி அடித்தால் உடையும். பருத்தித் துணியைத் துணுக்குகளாக வெட்டி இட்டால், நார்கள் நீண்டிருத்தலின், அடிதாங்கும் ஆற்றல் சில மடங்கு பெருகும். அப்பிரகம் இட்டால் மின்சாரக் காப்புச் சிறக்கும். துணியையோ தாளையோ பிசினில் தோய்த்துப் பல அடுக்குகளாக வைத்து அழுத்தினால், பலகை போன்றதோர் உறுதியான தகடு கிடைக்கும். அத்தகடு தாளின் திசையில் மிக்க வன்மையுடையது. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே வன்மை குறைந்தது. ஹெர்பர்ட் பேபர், டேனியல் ஓகானர் என்னும் இருவர் அப்பிரகத்துக்கு ஈடாக இத்தகைய அடுக்குத் தகட்டைச் செய்து, 1913 ஆம் ஆண்டில் பார்மைகா கம்பெனியை நிறுவினர். துணியடுக்கிற் செய்த பற்சக்கரங்கள் மோட்டார் வண்டிகளில் இரைச்சலின்றி ஓடின.

எதுவும் அளவோடு இருத்தல் வேண்டும். தூளை மிகுத்தால் ஒவ்வொரு துகளையும் நனைக்கப் பிசின் போதாது. அச்சின் மூலைகளிலும் கலவை சென்று நிரம்பாது. மரநாரும் பருத்தியும் ஈரத்தை உறிஞ்சும் இயல்பின. ஈரம் ஏறின் மின்சாரக் காப்புக் குன்றும். ஆகவே விலையும் வன்மையும் காப்பும் ஒன்றையொன்று இழுக்க, அவற்றினிடையே தக்க அளவைத் தேர்தலே இத்தொழிலின் நுட்பம்.

பேக்கலைட்டு மலிவாகப் பரவியமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. பிசினும் தூளும் சூடான உருளைகளினிடையே பிசையப்பெற்று, இரண்டாம் நிலையில் ஆறவைத்துப் பொடியாக்கப்படும். அப்பொடியை 150 முதல் 170 டிகிரி வரை சூடேறிய எஃகு அச்சில் இட்டு, சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 2,000 இராத்தல் அழுத்தம் கொடுத்தால், சில நிமிஷங்களிற் பொருள் முற்றும் இறுகிவிடும். அச்சு ஆறும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. சூடு தணியுமுன்னரே பொருளை எடுத்து, அடுத்த பொடியை இடலாம். இழைத்தலும் மெருகிடலும் பெரும்பாலும் வேண்டா. அச்சின் பளபளப்பே பொருளின் பளபளப்பு. பித்தளைத் திருகுகளை அச்சிலேயே வைத்து வார்த்துவிடலாம். எஃகு அச்சுச் செய்யும் செலவு பெரிது. ஆயினும் ஓர் அச்சினின்று ஆயிரமாயிரம் பொருள்கள் பிறத்தலின், ஒவ்வொன்றின் மேலும் விழும் செலவு சிறிதேயாம்.

1910 ஆம் ஆண்டில் பேக்கலண்ட் அமெரிக்காவில் ஜெனரல் பேக்கலைட் கம்பெனியை நிறுவினார். நியூ ஜெர்ஸியின் பெர்த் அம்பாய் நகரில் தொழிற்சாலை எழுந்தது. ஜெர்மனியிலும் பெர்லினை அடுத்த எர்க்னரில் அவ்வாண்டிலேயே ஒரு கம்பெனி தோன்றியது. மோட்டார் வண்டிகளின் மின்பொறி உறுப்புக்களும், டெலிபோன் கருவிகளும், ரேடியோப் பெட்டிகளும் பேக்கலைட்டால் ஆயின. போட்டிக்கு எழுந்த ரெட்மனால், காண்டென்ஸைட் என்னும் இரண்டு கம்பெனிகளோடு உரிமை வழக்கு நிகழ்ந்தது. வழக்கில் வென்ற பேக்கலண்ட், தோற்றவரை நசுக்கிவிடாது, 1922 ஆம் ஆண்டில் அவர்களையும் தம்மோடு ஒரே கம்பெனியாக இணைத்துக்கொண்டார். இங்கிலாந்தில் 1926 ஆம் ஆண்டு பேக்கலைட் லிமிடெட் தோன்றியபோது, ஒரு நாளால் உரிமையிழந்த ஸ்வின்பர்ன் அதற்குத் தலைவரானார்.

1916 ஆம் ஆண்டிற் பெர்க்கின் பதக்கமும், 1940 ஆம் ஆண்டிற் பிராங்க்ளின் பதக்கமும் பேக்கலண்டை வந்தடைந்தன. 1924 ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயன சங்கத்தின் தலைமையும் அவருக்கு உரியதாயிற்று. செல்வம் பெருகியும் உடையிலும் உணவிலும் எளிமையையே விரும்பினார். தகரப் பெட்டியில் அடைத்த உணவே முதுமையில் அவருக்கு உவப்பாயிருந்ததாம். படகேறிக் கடலிற் செல்லுதலே அவர் அறிந்த பெருங்களிப்பு. 1939 ஆம் ஆண்டில் அவருடைய கம்பெனி யூனியன் கார்பைடு நிறுவனத்தின் வசமாயிற்று. 1944 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 23 ஆம் தேதி, நியூயார்க் மாகாணத்துப் பீக்கன் என்னும் ஊரில், தமது 80 ஆம் வயதில் அவர் உலக வாழ்வை நீத்தார்.

அவர் விட்டுச்சென்ற பொருளின் குறைகளையும் மறைத்தல் தகாது. பேக்கலைட் பெரும்பாலும் கரிய நிறமும் பழுப்பு நிறமுமே ஏற்கும். ஆதலின் பல வண்ணப் பிளாஸ்டிக்குகள் வந்தபின் பல துறைகளில் அது பின்னடைந்தது. சூடு தாங்குதற்பொருட்டுப் பலகாலம் அதிற் கல்நார் கலக்கப்பட்டது. கல்நார்த் தூசி தொழிலாளரின் நுரையீரலைக் கெடுத்துப் புற்றுநோய் விளைத்தலைப் பின்னரே உலகம் அறிந்தது. இன்று பல நாடுகள் அதனை விலக்கிவிட்டன. ஒருமுறை இறுகிய பிசின் மீண்டும் உருகாதாகையால், உடைந்த பொருளை உருக்கி வார்க்கவும் வழியில்லை. கிழக்கு ஜெர்மனியில் எஃகுத் தகடு அரிதாயிருந்தமையால், பருத்திக் கழிவையும் பீனால் பிசினையும் அழுத்தி டிரபாண்ட் என்னும் மோட்டார் வண்டியின் மேற்றகடுகளைச் செய்தனர். 1957 முதல் 1991 வரை முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் அவ்வாறு தோன்றின. துருவறியாத அத்தகடுகளே வண்டி பழுதானபின் எவ்வாறு ஒழிப்பது என்னும் பெருஞ்சிக்கலாயின. முன்னையோர் குற்றமென்று தள்ளியதும், பேக்கலண்ட் குணமென்று போற்றியதுமாகிய அழியாமை, மக்களுக்கு மீண்டும் குற்றமாய்த் தோன்றியது.

எனினும் அவர் கண்ட வழி மறையவில்லை. நீருக்கு அஞ்சாத ஒட்டுப்பலகையிலும், வண்டிகளின் தடைக்கட்டைகளிலும் இப்பிசினே நின்று உழைக்கின்றது. 1999 ஆம் ஆண்டில் விண்ணிற் சென்று, வால்மீன் ஒன்றின் தூசியைச் சேர்த்துக்கொண்டு, 2006 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் தேதி ஸ்டார்டஸ்ட் என்னும் அமெரிக்க விண்கலத்தின் பெட்டகம் பூமிக்கு மீண்டது. விநாடிக்கு ஏறக்குறைய 12.9 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துட் பாய்ந்த அதனை எரிந்து போகாமற் காத்த கவசம், கரிநார்ப் பின்னலிற் பீனால் பிசினை ஊட்டிச் செய்த கூட்டுப் பொருளே. யாங்கர்ஸில் ஒரு மரத்துண்டுக்குப் பிசினை ஊட்டிப் பார்த்த அவ்வறிஞரின் முயற்சியும் இதுவும் ஒரே நெறியின.

பேக்கலண்டின் வரலாற்றினின்று மாணவர் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. குடுவையின் அடியில் ஒட்டிய பிசினை அறிஞர் பலர் கண்டனர். வாளின் கீழ் உதிர்ந்த மரத்தூளைத் தச்சர் அனைவரும் கண்டனர். இரண்டும் தள்ளுண்ட பொருள்கள். ஒன்று வன்மையிருந்தும் நொறுங்குவது. மற்றொன்று நாரிருந்தும் நிலையாது சிதறுவது. அவற்றைத் தக்க அளவில், தக்க சூட்டில், தக்க அழுத்தத்திற் சேர்த்தவர் ஒருவரே. தம் ஆராய்ச்சிசாலையின் குப்பைக் கூடையை ஒரு முறைக்கு இருமுறை நோக்கும் மாணவர்க்கு அவர் வாழ்வு என்றும் துணையாகும்.